மூன்று நாள் நின்றால் பேட்டரி காலி. டைனமோ மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

தாமிரபரணி | ஞாயிறு காலை 7:40

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி, 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மூன்று நாள் ஷெட்டில் நின்றுவிட்டால் நாலாம் நாள் காலை சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுப்பதில்லை. தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் இதே தொல்லைக்காகப் புது பேட்டரி போட்டேன். இரண்டு மாதம்கூட நிம்மதி இல்லை. நேற்று ஒரு கடையில் காட்டினேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் மைனஸைக் கழற்றிப் பார்த்தார்கள், எஞ்சின் கொஞ்சம் திணறியது. "டைனமோ போச்சு சார், 8,500 ஆகும்" என்றார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். போன தடவை "பேட்டரி போச்சு" என்றதும் இதே குரல்தான். அதனால் இந்த முறை முதலில் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். கையில் 250 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. வீட்டு பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்த்ததைத் தவிர அதில் வேறு எதுவும் செய்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு காலை 8:15

தம்பி, மதுரையில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக 31 வருஷம் இருந்தவன் சொல்கிறேன். முதல் வேலையாக, ஓடுகிற வண்டியில் மைனஸைக் கழற்றுகிறவரிடம் இனிமேல் வண்டியைக் கொடுக்காதே. அம்பாசடர் காலத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்போது வண்டிக்குள் கெட்டுப்போக ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது. இப்போது பேட்டரி ஒரு மெத்தை மாதிரி குறுக்கே இருந்து வோல்ட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை உருவினால் ஒரு கணம் 40, 60 வோல்ட்கூட எகிறும். எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம் தப்பித்தால் உன் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, டைனமோ, அதாவது ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டர், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எதையும் கழற்றத் தேவையில்லை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. சிவப்பு பிளஸில், கறுப்பு மைனஸில். வண்டி ஓடும்போது என்ன காட்டுகிறது, அணைத்து வைத்து மறுநாள் காலை என்ன காட்டுகிறது, இந்த இரண்டு எண்ணை மட்டும் எழுது. பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

சும்மா_படிப்பவன் | ஞாயிறு காலை 9:02

இதற்கு இவ்வளவு எதற்கு? ராத்திரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் மாட்டி ஓட்டுங்கள். எங்கள் மாமா ஆறு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறார்.

மின்னல்கொடி | ஞாயிறு காலை 9:30

உங்கள் மாமா ஆறு வருடமாகக் கசிகிற பைப்புக்கு கேட்வால்வை மூடித் திறந்துகொண்டிருக்கிறார் :) அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் கசிவு எங்கே என்று தெரியாமலே விட்டால், வயர் உரசி உண்டான கசிவாக இருந்தால் ஒரு நாள் புகை வரும்.

தாமிரபரணி சார், கோவையில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறேன், சொந்த வண்டியை நானே பார்த்துக்கொள்வேன். வோல்ட் அளப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வண்டி ஓடி முடித்ததும் பேட்டரித் தகடுகளின் மேற்பரப்பில் கொஞ்சம் பொய்யான வோல்ட் நிற்கும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளந்தால்தான் உண்மை தெரியும். 12.6 அல்லது 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 கால்வாசிதான். 11.8க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அரை வோல்ட் இறங்கினாலே பேட்டரியில் பாதிக்கு மேல் போயிருக்கும், இது பலருக்குத் தெரிவதில்லை. "12 காட்டுதே, 12 வோல்ட் பேட்டரிதானே, நல்லாத்தானே இருக்கு" என்று என் வகுப்பிலேயே வருஷத்துக்கு நாலு பேர் சொல்வார்கள்.

ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி.

தாமிரபரணி | திங்கள் இரவு 9:10

அளந்துவிட்டேன். நேற்று மாலை ஐடிலிங்கில் 14.2. ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்டும் 13.9. அணைத்து, மின்னல்கொடி மேடம் சொன்னபடி செய்து அளந்தால் 12.5. இன்று காலை 12.3. இப்போது இரவு 12.1. வண்டியை இன்று எடுக்கவே இல்லை.

அண்ணாச்சி, அப்படியென்றால் டைனமோ நன்றாகத்தானே இருக்கிறது?

பழைய_ஸ்பேனர் | திங்கள் இரவு 9:45

சார்ஜ் செய்கிற வேலையை டைனமோ ஒழுங்காகச் செய்கிறது. 8,500 ரூபாயை பீரோவில் வை.

நிற்கும்போது யாரோ பேட்டரியைக் குடிக்கிறார்கள். அந்த ஆளைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு விஷயம்: டைனமோவுக்குள் இருக்கிற டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற பாகம்) லீக் ஆனாலும், சார்ஜ் நன்றாகக் கொடுத்துக்கொண்டே ராத்திரியில் திருப்பிக் குடிக்கும். அதையும் பார்த்துவிடு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது டைனமோவின் முதுகில் கையை வை. பக்கத்து இரும்பெல்லாம் ஜில்லென்று இருந்து அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ஆள் அவர்தான்.

ஈசிஆர்_பயணி | திங்கள் இரவு 10:20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எலி பார்த்தீர்களா? எனக்கு இதே மாதிரி திடீரென்று பிரேக்குக்கான ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. சென்சார் மாற்ற வேண்டும் என்றார்கள். நானே பானட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சக்கரத்துக்குப் போகும் வயரை இரண்டு அங்குலத்துக்குக் கொறித்து வைத்திருக்கிறது. பேட்டரிக்குப் பின்னால் பாதி வடை, தேங்காய் ஓடு, பழந்துணி. குடித்தனமே நடந்திருக்கிறது. புகையிலைக் கட்டு தொங்கவிட்டேன், அந்துருண்டை போட்டேன். இரண்டும் ஒரு வாரம்தான். வண்டியை நிறுத்துகிற இடத்திலிருந்து குப்பைத்தொட்டியைத் தள்ளிவைத்த பிறகுதான் நின்றது.

பழைய_ஸ்பேனர் | திங்கள் இரவு 10:41

எலி கடித்த வயரை என்ன செய்தீர்கள்? முறுக்கி டேப் சுற்றியிருந்தால் ஐப்பசி மழைக்குள் செம்பு பச்சை பிடித்துவிடும். வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். சக்கரத்துப் பக்கம் வயர் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் சால்டர் வைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டு அசையாமல் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அங்கேயே ஒடியும்.

தாமிரபரணி | செவ்வாய் காலை 6:50

டைனமோ ஜில்லென்று இருக்கிறது. எலியும் இல்லை, ஒரு பல்லி மட்டும் இருந்தது. அடுத்து?

பழைய_ஸ்பேனர் | செவ்வாய் காலை 7:30

நாங்கள் அந்தக் காலத்தில் மைனஸைக் கழற்றி லேசாகத் தட்டிப் பார்ப்போம். பொறி வந்தால் லீக். சாவி ஆஃப், கதவு மூடி, தட்டு.

மின்னல்கொடி | செவ்வாய் காலை 7:52

அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போதைய வண்டிகளில் லீக் இல்லாவிட்டாலும் பொறி வரும். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகளில் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, இணைத்த கணத்தில் அவை சார்ஜ் ஆகும், பொறி அடிக்கும். பொறியைப் பார்த்து பேட்டரி, டைனமோ, வயரிங் என்று வரிசையாக மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அதோடு, சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும், அதன் தலைமேலேயே பொறி வேண்டாம்.

பழைய_ஸ்பேனர் | செவ்வாய் காலை 8:05

கோபம் எதற்கம்மா, சரியாகத்தான் சொல்கிறாய். அப்படியென்றால் பல்ப் முறை. பார்க்கிங் லைட்டில் வருகிற 5 வாட் பல்பை, கழற்றிய மைனஸ் வயருக்கும் பேட்டரியின் மைனஸ் குமிழுக்கும் நடுவில் பிடி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் பெரிய லீக். எரியவே இல்லையென்றால் பெரிய லீக் இல்லை. மீட்டர் எரிந்துபோகும் பயமும் கிடையாது.

மின்னல்கொடி | செவ்வாய் காலை 8:31

மீட்டர் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. அதிலும் ஒரு சின்ன வில்லங்கம்: பல்ப் குறுக்கே இருப்பதால் கம்ப்யூட்டர்களுக்கு முழு வோல்ட் போகாது. சில வண்டிகளில் அவை தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் திண்டாடும், பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். நாமும் ஏமாந்துபோவோம்.

இவரிடம் மீட்டர் இருப்பதால் ஆம்பியரையே அளந்துவிடலாம். சார், நிதானமாகப் படியுங்கள், இந்த இடத்தில்தான் எல்லோரும் மீட்டரைக் கொல்கிறார்கள்.

சிவப்பு வயரை மீட்டரில் 10 ஆம்பியர் என்று போட்ட துளைக்கு மாற்றுங்கள், முள்ளையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். அந்த மஞ்சள் மீட்டரில் பெரும்பாலும் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸே இருக்காது, பக்கத்திலேயே சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். அதனால் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்யூஸ் ஹோல்டரில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, மீட்டர் வயரோடு வரிசையில் சேர்த்துவிடுங்கள். இப்படி ஆம்பியரில் இருக்கும்போது மீட்டர் முனைகளைத் தப்பித்தவறிக்கூட பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள், அது நேரடி ஷார்ட். மீட்டர் வழியாக சாவியையும் திருப்பக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

வண்டியைத் தூங்கவைக்க வேண்டும், அதாவது உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் தாமாக அடங்கும்வரை விட வேண்டும். எல்லாவற்றையும் அணையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, கதவின் ஓரத்தில் இருக்கிற பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் 'டக்' என்று அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடிவிட்டதாக வண்டி நினைத்துக்கொள்ளும், நீங்கள் ஃப்யூஸ் பெட்டியை எட்டலாம். சாவி வீட்டுக்குள் இருக்கட்டும்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனை மைனஸ் குமிழில், இன்னொரு முனை அந்தக் குமிழைப் பிடித்திருக்கிற மைனஸ் வயரின் கிளாம்பில் இருக்கும்படி முதலிலேயே முதலைக் கிளிப் போட்டுப் பிடித்துவிட்டு, அதன் பிறகு கிளாம்பை மெதுவாக உருவுங்கள். நடுவில் கரண்ட் அறுந்தால் எல்லா கம்ப்யூட்டரும் திரும்ப விழித்துக்கொள்ளும், நீங்கள் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். பொதுவாக 0.05 ஆம்பியருக்குக் கீழே வந்து நிற்க வேண்டும்.

பனங்காய் | செவ்வாய் மதியம் 1:15

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் வாகனம். இரண்டு கிழமை வீட்டில் நின்றது. பிறகு கதவும் திறபடவில்லை, ஒன்றும் எரியவில்லை. பெரிய பற்றறி போய்விட்டது, லட்சக்கணக்கில் வரும் என்று அயலில் ஒருவர் பயமுறுத்திவிட்டார். இதே முறையில் நானும் பார்க்கலாமா?

மின்னல்கொடி | செவ்வாய் மதியம் 2:40

பயப்படாதீர்கள். ஹைபிரிடிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும், பல வண்டிகளில் டிக்கியிலோ பின் சீட்டுக்கடியிலோ. அது எஞ்சினைச் சுற்றுவதில்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலேக்களை (மின் ஸ்விட்சுகளை) மூடுவது மட்டும்தான் அதன் வேலை. அது காலியானால் வண்டி பிணம் மாதிரிக் கிடக்கும், பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரிமோட்டுக்குள் செருகியிருக்கிற இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறங்கள். பல மாடல்களில் முன்பக்க ஃப்யூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு பிளஸ் முனை இருக்கும், அங்கே சார்ஜர் கொடுக்கலாம், கையேட்டில் படம் இருக்கும். இந்த 12 வோல்ட் பேட்டரியை அளப்பதில் ஆபத்தில்லை. ஆரஞ்சு நிறக் குழாய் போட்ட வயர்களை மட்டும் தொடவே தொடாதீர்கள். அவை நூறு வோல்ட்டுக்கு மேல், ஆளைக் கொல்லும்.

பனங்காய் | செவ்வாய் இரவு 8:05

நன்றி அக்கா. வோல்ட் பார்த்தேன், 7.9. பற்றறியில் 2017 என்று போட்டிருக்கிறது. இதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை, புதிது வாங்குகிறேன்.

தாமிரபரணி | புதன் இரவு 10:30

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டில் மாலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். கொசு தாங்காமல் பானட் பக்கத்தில் கொசுவத்தி கொளுத்தி வைத்திருந்தேன். (அண்ணாச்சி திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஹைட்ரஜன் ஞாபகம் வந்து அதைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டேன்.) கிளாம்பை உருவியதும் மீட்டர் 2.8 காட்டியது. நெஞ்சு பக்கென்றது. ஒரு நிமிடத்தில் 1.1க்கு இறங்கியது. பத்து நிமிடத்தில் 0.46. அங்கேயே நின்றுவிட்டது. அரை மணி, ஒரு மணி நேரம் பார்த்தேன். 0.46, 0.46, 0.46.

நடுவில் பையன் "அப்பா எங்க?" என்று வந்து பின்கதவைத் திறந்துவிட்டான். மறுபடி 1.1. மறுபடி பத்து நிமிடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.46 ஆம்பியர், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், அதாவது நாளைக்கு 11 ஆம்பியர் மணி. மூன்று நாளில் 33. என் பேட்டரி 35. நாலாம் நாள் டிக் டிக். இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்க வேண்டுமா? மொத்தம் முப்பதுக்கு மேல் இருக்கின்றன.

பழைய_ஸ்பேனர் | புதன் இரவு 10:52

டிக்கி லைட். எழுதி வைத்துக்கொள். 5 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 0.42 ஆம்பியர் இழுக்கும். உன் எண்ணுக்கு வெகு பக்கம். டிக்கி மூடியும் அதன் ஸ்விட்ச் அமுங்காமல் இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன்! மூடியபின் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்றால், எங்கள் கடையில் ஒரு பையனை உள்ளே படுக்கவைத்து மூடுவோம்.

ஈசிஆர்_பயணி | புதன் இரவு 10:58

அண்ணா, போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கியில் வைத்து மூடினால் போதுமே!

மின்னல்கொடி | புதன் இரவு 11:10

நானும் டிக்கி லைட் மேல்தான் பந்தயம் கட்டுவேன். இருந்தாலும் அளந்துவிடலாம். ஃப்யூஸைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கித் திரும்பச் செருகினால் அந்த கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், குழப்பம். பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும், பார்த்தீர்களா? அவை இருப்பதே அளக்கத்தான். முதலில் பேட்டரி கிளாம்பை மாட்டிவிட்டு மீட்டரை விடுவியுங்கள். சிவப்பு வயரைப் பழைய வோல்ட் துளைக்கு மாற்றுங்கள், மறக்காதீர்கள். முள் டிசி 200 மில்லிவோல்ட்டில். வண்டி தூங்கியதும் ஒவ்வொரு ஃப்யூஸின் இரண்டு புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். கரண்ட் ஓடாத ஃப்யூஸில் 0.0 காட்டும். ஓடுகிறதில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வரும். ஃப்யூஸுக்கும் ஒரு துளி ரெசிஸ்டன்ஸ் உண்டு, அதன் மேல் விழுகிற வோல்ட் அது.

தாமிரபரணி | வியாழன் இரவு 9:20

எல்லாம் 0.0. ஒன்றே ஒன்று 2.1. நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸ், பெட்டி மூடியில் 'ரூம்' என்று போட்டிருக்கிறது.

டிக்கியில் போனை வைத்து வீடியோ எடுத்தேன். மன்னிக்கவும் அண்ணாச்சி, மூடியதும் இருட்டு. கும்மிருட்டு.

பழைய_ஸ்பேனர் | வியாழன் இரவு 9:33

போச்சு, பந்தயத்தில் தோற்றேன். கையேட்டைப் பார், அந்த ஃப்யூஸில் வேறு என்னென்ன இருக்கிறது? வழக்கமாகக் கேபின் லைட், டிக்கி லைட், மீட்டர் போர்டு கடிகாரம், ஸ்டீரியோவின் மெமரி, எல்லாவற்றையும் அதில்தான் தொங்கவிடுவார்கள். ஸ்டீரியோ கம்பெனியிலிருந்து வந்ததா, வெளியே போட்டதா?

தாமிரபரணி | வியாழன் இரவு 9:41

வெளியே போட்டது. பெரிய திரை உள்ள செட். பத்து மாதம் ஆகிறது. ஐயோ.

பழைய_ஸ்பேனர் | வியாழன் இரவு 9:43

பத்து மாதத்துக்கு முன் ஸ்டீரியோ, எட்டு மாதத்துக்கு முன் பேட்டரி. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும் தம்பி.

மின்னல்கொடி | வியாழன் இரவு 10:02

செட்டுக்குப் பின்னால் மஞ்சள் வயர், சிவப்பு வயர் இரண்டும் எங்கே போகின்றன என்று பாருங்கள். மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டியது, ஸ்டேஷன்களையும் நேரத்தையும் நினைவில் வைக்க. சிவப்பு, சாவியை ஏசிசிக்கு (எஞ்சின் ஓடாமல் பாட்டு கேட்கிற நிலைக்கு) திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. "ஓனர் சாவியை எடுத்துவிட்டார், இனி தூங்கு" என்று செட்டுக்குச் சொல்வது அந்தச் சிவப்புதான். ஏர்பேக்கின் மஞ்சள் நிறக் கனெக்டர் ஏதாவது அந்தப் பக்கம் தென்பட்டால் தொடாதீர்கள். முகப்பைக் கழற்றுமுன் மைனஸை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

தாமிரபரணி | சனி மதியம் 12:15

பிடித்துவிட்டேன்.

முகப்பை பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பி எடுத்தேன் (வீட்டில் தோசைக்கரண்டி ஒன்று குறைகிறது, கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும்). நாலு ஸ்க்ரூ. செட் முன்னால் வந்தது. பின்னால் ஒரு கொத்து வயர். அதில் மஞ்சளும் சிவப்பும் தோலுரித்து, ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பத்து மாத வெயிலில் டேப்பின் பசை உருகி விரலில் ஒட்டுகிறது. டேப் பாதி நழுவி, செம்பு வெளியே தெரிந்தது. அதற்கும் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டத்துக்கும் ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை.

அம்பியர் மீட்டரைத் திரும்ப மாட்டி, தூங்கவிட்டு, செட்டின் கனெக்டரை உருவினேன். 0.46லிருந்து 0.02. உருவின கணத்திலேயே.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செட் போட்ட கடைக்காரரைத் திட்டலாம் என்று போனை எடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான். அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் நாங்கள் உள்ளே சுற்றி வருவதற்குள் அவரால் நிற்க முடியாது, வண்டியிலேயே உட்கார்ந்து பழைய பாட்டு கேட்பார். சாவியை நான் எடுத்துப் போய்விடுவேன். அதனால் "சாவி இல்லாமலும் செட் பாடணும், முடியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் சிம்பிள் சார்" என்றார். அவருக்கு சிம்பிள்தான். திரையை அணைத்தால் செட் அணைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே முழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

சும்மா_படிப்பவன் | சனி மதியம் 12:30

8,500 கொடுத்து டைனமோ மாற்றியிருந்தால் நாலாம் நாள் மறுபடி டிக் டிக்!

பழைய_ஸ்பேனர் | சனி மதியம் 1:05

முதலில் அந்த செம்பை மூடு. சட்டத்தில் பட்டிருந்தால் நல்ல வேளையாக 15 ஆம்பியர் ஃப்யூஸ் போயிருக்கும். ஃப்யூஸ் போகிறதே என்று யாராவது அந்த இடத்தில் பச்சை 30 ஆம்பியரைச் செருகியிருந்தால் ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரிந்திருக்கும். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சிவப்புக்கு ஏசிசி கரண்ட் வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு வருகிற வயரைப் பிடி. சாவி ஆஃபில் 0, ஏசிசியில் 12 காட்டுகிறதா என்று மீட்டரில் உறுதி செய்துகொள், சில வண்டிகளில் அந்த சாக்கெட்டுக்கே எப்போதும் கரண்ட் இருக்கும். அங்கிருந்து ஒரு கிளை எடுத்து, நடுவில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுச் சிவப்புக்குக் கொடு. செட்டுக்கு "முழி" என்று சொல்லத்தான் அது, பெரிய கரண்ட் ஓடாது. மஞ்சள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு ஜாயின்ட்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க். டேப் வேண்டாம், திருநெல்வேலி வெயிலுக்கு டேப் ஒரு கோடைகூடத் தாங்காது.

மின்னல்கொடி | சனி மதியம் 1:40

பேட்டரியையும் கவனியுங்கள். கார் பேட்டரி அடிமட்டம்வரை காலியாவதற்காகச் செய்யப்பட்டதல்ல, எட்டு மாதத்தில் எத்தனை முறை காலியானதோ அத்தனை முறையும் ஆயுளில் கொஞ்சம் போயிருக்கும். ஒருநாள் ராத்திரி முழுக்க மூன்று, மூன்றரை ஆம்பியர் சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள், காற்றோட்டமான இடத்தில். அரை மணி நேரம் டவுனுக்குள் ஓட்டினால் முழுதாக ஏறாது. ஏற்றியபின் பன்னிரண்டு மணி நேரம் சும்மா வைத்து அளந்து சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்றும் பாருங்கள். 9.6க்குக் கீழே போகக் கூடாது.

தாமிரபரணி | திங்கள் இரவு 8:30

சார்ஜ் ஏற்றி, வைத்து அளந்தது 12.5. செல்ஃப் அடிக்கும்போது 10.3. வயர் வேலையும் முடிந்தது. சாவியை எடுத்துப் பத்து நிமிடத்தில் 0.02. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறோம், வண்டி ஒன்பது நாள் ஷெட்டில் நிற்கும். வந்து எழுதுகிறேன்.

தாமிரபரணி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 7:15

ஒன்பது நாள். 12.4. ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கோயில் வாசலில் அப்பாவிடம் இப்போது சாவியையே கொடுத்துவிட்டுப் போகிறேன், ஏசிசியில் வைத்துப் பாட்டு கேட்கிறார். செட் பாடும்போது அளந்தேன், திரையோடு சேர்த்து 1.9 ஆம்பியர் வருகிறது. எவ்வளவு நேரம் கேட்கலாம்?

மின்னல்கொடி | ஞாயிறு காலை 8:00

ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று ஆம்பியர் மணிகூட ஆகாது. உங்கள் பேட்டரி கொஞ்சம் தேய்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும் தாராளம். இரண்டு மணி நேரம் என்றாலும் பயமில்லை, திரும்பும்போது கொஞ்சம் சுற்றிப் போங்கள், ஏறிவிடும்.

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு காலை 8:20

சுற்றுப் பிராகாரம் நிதானமாகப் பார்த்துவிட்டு வா தம்பி. திரையின் வெளிச்சத்தை மட்டும் குறைத்து வைத்துவிட்டுப் போ, அப்பாவுக்குப் பாட்டுதானே வேண்டும்.